அத்தானுக்குத் தெரியாத நீலம்

அந்த நீலக் குழல் விளக்கை எரியவிட்டது நான்தான். மலேசியாவில், கிள்ளானில் ஒரு விளக்குக் கடையில் எனக்கு அப்போது விற்பனை வேலை. தொண்ணூறுகளின் தொடக்கம். சுவரில் சாய்த்திருந்த சோதனைப் பலகையில் குழலைப் பொருத்திச் சுவிட்சைத் தட்டினால், இரண்டு முறை சிமிட்டிவிட்டு நிலைத்து எரியும். வருகிறவர்கள் வெள்ளையா மஞ்சளா என்பதைத் தாண்டி ஒன்றும் கேட்கமாட்டார்கள். அன்று வந்தவர் என் அக்காவின் கணவர். கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பதற்கு விளக்கு வேண்டும் என்று கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான்வரை வந்திருந்தார்.

அத்தான் ரயில் ஓட்டுநர். அவர்களுடைய ரயில்வே குடியிருப்பு வீட்டில் முன்னறையின் பாதியை நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி பிடித்துக்கொண்டிருந்தது. மாற்றலாகிப் போன நண்பர் ஒருவர் விட்டுச் சென்றது. முதலில் அதில் இரண்டு மீன்கள் மட்டும் இருந்தன. பிறகு செந்தூல் பக்கம் ஒரு கடையிலிருந்து, கல்லில் ஒட்டிக்கொண்டு பூப்போல விரிகிற மென்பவளத்தை வாளியில் வைத்து மடியில் ஏந்தி வந்தார். "உப்புத் தண்ணிக்கு இந்த வீட்டுல இருக்கிற மரியாதை எனக்கு இல்ல" என்பாள் அக்கா. அவர் சிரித்துக்கொண்டே, "வேலையில பார்க்கிறது எல்லாம் பின்னால ஓடிப்போயிடுதும்மா. இதையாச்சும் நின்னு பார்க்கலாம்ல" என்பார்.

அந்தப் பவளம் ஒரு மாதமாக வாடிக்கொண்டிருந்தது. சமையலறைக்கு வாங்குகிற சாதாரணக் குழல் விளக்கு ஒன்றுதான் மேலே எரிந்தது. வெளிச்சம் போதாமல் பவளம் கழுத்தை நீட்டி நீட்டி மெலிந்துபோனது. பவளத்துக்குச் சோறே வெளிச்சம்தான், அதில் பாதி நீலமாக இருக்க வேண்டும் என்று மீன் வளர்ப்புப் பத்திரிகை ஒன்றில் எப்போதோ படித்ததை நினைவுவைத்துச் சொன்னதும் அவர்தான். தவுக்கேயிடம், அதாவது எங்கள் கடை முதலாளியிடம் சொல்லி நீலக் குழல்களை வரவழைத்து, இரண்டு விதச் சட்டங்களை எடுத்து வைத்திருந்தேன். ஒன்று இரண்டு குழல் போடுவது, விலை குறைவு. மற்றது நாலு குழல் போடுவது.

அத்தான் இரண்டையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். விலை குறைந்ததன் தகரம் உப்புக் காற்றுக்கு ஆறு மாதம் தாங்காது என்றார். நாலு குழல் சட்டத்தின் முனைகளில் ஈரம் புகாதபடி ரப்பர் மூடி இருந்தது. குழலுக்கு மின்சாரத்தை மட்டுப்படுத்தித் தரும் சோக் தனிப் பெட்டியில் இருந்தது. "சோக் வெளியில இருக்கிறதுதான் நல்லது. சூடு தண்ணிக்கு இறங்காது" என்று தலையாட்டினார். இஞ்சினோடு வாழ்ந்தவரின் தீர்ப்பு. அதன்பிறகுதான் நீலக் குழலைப் போட்டேன்.

"இது எரியலையேம்மா. ட்யூப் வீக்கா?"

"நல்லா எரியுது அத்தான். நீலமா, பாருங்க."

"நீலமா? சாம்பலால்ல இருக்கு."

கல்லாவில் உட்கார்ந்திருந்த தவுக்கேயின் வெள்ளைச் சட்டைகூட அந்த வெளிச்சத்தில் நீலமாகியிருந்தது. நான் அத்தானின் முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. சற்று முன்பு விளக்குப் பெட்டியை என்னிடம் நீட்டி, "என்ன போட்டிருக்கு, படி" என்றது நினைவுக்கு வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை தொட்டியின் உப்பு அளவையும் என்னைத்தான் பார்த்துச் சொல்லச் சொன்னார். அவரைக் கடைக்கு வெளியே நடைபாதைக்குக் கூட்டிப்போனேன்.

"அத்தான், கண்ணு எப்ப இருந்து இப்படி?"

அவர் மறுக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. "ஒரு வருசம் இருக்கும். மழையில சிக்னல் லைட் உடைஞ்சு உடைஞ்சு தெரியுது. ஆனா சிவப்பு சிவப்பாத்தான் தெரியுது, பச்சை பச்சையாத்தான் தெரியுது. அது போதும் லா."

"பின்னால உட்கார்ந்து வர்றவங்க கேட்டா, போதும்னு சொல்வாங்களா?"

அவர் எதிர்ச்சாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இருபத்திரண்டு வருசமா ஓட்டுறேன். என்னை இறக்கிவிட்டுட்டா என்ன பண்ணுவேன்? ஸ்டேஷன் கேட்டுல நின்னு டிக்கெட் கிழிக்கவா?"

என்னைத் தங்கையைப்போல நடத்தியவர். அவரிடம் நான் குரல் உயர்த்தியதே இல்லை. "நீங்களே போய்ச் சொல்லிடுங்க அத்தான். இல்லைன்னா நான் அக்காகிட்ட சொல்லிடுவேன்" என்றேன். விளக்கை வாங்காமல், போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் ஸ்டேஷனை நோக்கி நடந்துவிட்டார்.

மூன்று நாள் கழித்துக் கடைக்குத் தொலைபேசி வந்தது. "சொல்லிட்டேன்மா. ஃபோர்மேன்கிட்ட நானே போய்ச் சொல்லிட்டேன்." பிறகு, "அந்த நாலு ட்யூப் லைட்டை யாருக்கும் வித்துடாதே" என்றார். என்னிடம் பேசிவிட்டுப் போன அன்று மாலையே காய்ச்சல் என்று விடுப்பு எடுத்துக்கொண்டார், அந்த மூன்று நாளும் இஞ்சினில் ஏறவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டு கண்ணிலும் புரை என்றார் டாக்டர். சர்க்கரை நோய் இருந்ததால் ஐம்பதுக்கு முன்பே முற்றிவிட்டதாம். அத்தானை இஞ்சினிலிருந்து இறக்கிப் பணிமனைக் கிடங்கில் உட்காரவைத்தார்கள். அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "உனக்கு மூணு நாளாத் தெரியும். பக்கத்துலயே படுக்கிற எனக்குத் தெரியல" என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். கோபம் என்மேல் இல்லை என்று புரிந்தாலும் வலித்தது.

விளக்கை நானும் கடை வயர்மேனும் கொண்டுபோய்ப் பொருத்தினோம். புது வெளிச்சம் திடீரென்று விழுந்தால் பவளம் வெளுத்துவிடும் என்று, முதல் வாரம் தினமும் நாலு மணி நேரம் மட்டும் எரியவிட்டோம். சரியாகப் பார்க்க முடியாத ஒன்றின் முன்னால் நாற்காலி போட்டு அத்தான் உட்கார்ந்திருப்பார். ஞாயிறுதோறும் நான் போவேன்.

"இன்னிக்கு எப்படி இருக்கு?"

"விரிஞ்சிருக்கு அத்தான். நுனியெல்லாம் பச்சையா மின்னுது."

"எனக்காகச் சும்மா சொல்லாதே லா."

முதலில் வலது கண்ணில் அறுவை நடந்தது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று, அதுவரை அந்தத் தொட்டியைத் தொட்டே இராத அக்கா நீல விளக்கைத் தன் கையால் போட்டாள். அத்தான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். பிறகு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். சின்னப்பிள்ளைபோல மாற்றி மாற்றிப் பொத்தினார்.

"இந்தக் கண்ணுல நீலம்மா, நீலம்! இந்தக் கண்ணுல தே ஓ." பால் சேர்க்காத தேநீருக்கு எங்கள் ஊர்ப் பெயர் அது. "இத்தனை நாளா தே ஓ-வுக்குள்ள இருந்தா பார்த்துக்கிட்டு இருந்தேன்?" அக்கா சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

இன்று பவளம் வளர்ப்பவர்கள் கைப்பேசியைத் தொட்டே விளக்கின் நிறத்தை மாற்றுகிறார்கள். ஓய்வுபெற்ற அத்தானுக்கும் அவர் மகன் அப்படி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறான். அவரிடம் அப்படிப் பேச அன்று எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது என்று இப்போதும் யோசிப்பதுண்டு. துணிச்சல் அவருடையது என்றுதான் தோன்றுகிறது. நான் வாயால் சொன்னதோடு சரி. அவர்தான் போய்த் தன் வேலையைப் பணயம் வைத்தார்.

இரண்டாவது கண்ணும் தேறி, சோதனைமேல் சோதனை வைத்து, முதலில் யார்டில் பெட்டிகளை இழுக்கவிட்டுக் கடைசியில் பயணிகள் ரயிலைத் திரும்ப அவரிடம் கொடுத்தார்கள். முதல் நாள் காலை கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு ஓட்டினார். அக்கா மேடையில் நின்று கையசைத்தாள். முந்தின இரவு அக்கா வீட்டில் தங்கியிருந்த நான் வேலைக்குப் போக அதே ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வழியெல்லாம் சிக்னல்களை எண்ணிக்கொண்டே போவேன் என்றுதான் நினைத்திருந்தேன். "கிள்ளான் வந்துடுச்சு" என்று பக்கத்திலிருந்த மலாய்க்கார அம்மா மலாயில் சொல்லித் தோளைத் தட்டியபோதுதான் கண் விழித்தேன்.