ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணி

ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்தால் 'கொர்ர்ர்' என்று ஒரே சீராக ஒரு சத்தம் வரும். அதோடு அம்மாவின் தேங்காய் எண்ணெய் வாடையும் வெங்காயம் நறுக்கிய கை வாடையும் சேர்ந்து வரும். அந்தச் சத்தம் கேட்டால் 'போனுக்கு உயிர் இருக்கு' என்பார்கள் எங்கள் பக்கத்தில். நான் ஏழாவது படித்த வருஷம், அண்ணன் பட்டாளத்துப் பயிற்சிக்குப் போன அந்த மழைக்காலத்தில், அம்மா ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்த உயிரைச் சோதித்துப் பார்த்தாள் என்று சொல்லி மாளாது. உலை வைத்துவிட்டு வந்து ஒரு தடவை, உலை கொதித்ததும் ஒரு தடவை, துணி காயப்போடப் போகும்போது ஒரு தடவை. எனக்கு எரிச்சலாக இருக்கும். அது என்ன கைக்குழந்தையா, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க?

எங்கள் ஊர் அறந்தாங்கியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். அப்பா குவைத்தில் வெல்டர். வெள்ளிக்கிழமைதான் அவருக்கு லீவு, வெள்ளிதோறும் பேசுவார். எங்கள் வீட்டுக்கு போன் வந்ததே அதற்காகத்தான். அவரிடம் செல்போன் கிடையாது, பட்டறைக்கு எதிரே இருந்த பூத்தில் கார்டு போட்டுத்தான் பேசுவார். ஆகவே அவர் கூப்பிட்டால் உண்டு, நாங்கள் கூப்பிட வழியே இல்லை. இதை மட்டும் மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அண்ணன் செந்திலுக்கு அப்போது பத்தொன்பது வயது. ப்ளஸ் டூ முடித்த நாளிலிருந்து விடியுமுன்னே எழுந்து மெயின் ரோட்டில் ஓடி ஓடி, கடைசியில் ஆள் எடுக்கும் முகாமில் தேறி, ஜபல்பூருக்குப் போய்விட்டான். ஜபல்பூர் எங்கே இருக்கிறது என்று அம்மா கேட்டபோது என் அட்லஸைத் திறந்து காட்டினேன். விரலால் அளந்து பார்த்துவிட்டு, குவைத்தைவிடக் கிட்டத்தானே என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். ஆனால் குவைத்தில் இருக்கிற புருஷன் வாரம் தவறாமல் பேசினார், கிட்டத்தில் இருக்கிற பிள்ளையின் குரல்தான் கேட்கவில்லை.

இரண்டாவது வாரம் நீல நிற இன்லேண்ட் லெட்டர் ஒன்று வந்தது. முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள், சப்பாத்தி பழகிவிட்டது, பயிற்சி கொடுப்பவரை 'உஸ்தாத்' என்று கூப்பிட வேண்டும், உஸ்தாத் ரொம்பக் கண்டிப்பு என்றெல்லாம் எழுதியிருந்தான். கடைசியில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதியம் இரண்டரையிலிருந்து நாலு மணி வரை போன் பேச விடுவார்கள், வருகிற ஞாயிறிலிருந்து பேசுகிறேன், எல்லாரும் வீட்டில் இருங்கள் என்று இருந்தது. வெள்ளிக்கிழமை அந்தக் கடிதத்தை அப்பாவுக்கு போனில் நான்தான் வாசித்துக் காட்டினேன். இரண்டரை மணி என்ற இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

முதல் ஞாயிறு அம்மா தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, என்னமோ பிள்ளையே நேரில் வருவதுபோல் போனுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். சரியாக இரண்டரைக்கு மணி அடித்தது. பாய்ந்து எடுத்தாள். அப்பா!

"சரசு, பய பேசுனானா?"

குவைத்தில் அப்போது நண்பகல் பன்னிரண்டு, சாப்பாட்டு நேரம். சாப்பிடப் போகாமல் பூத்துக்கு ஓடிவந்திருந்தார். இன்னும் இல்லை என்று அம்மா சொல்ல, ஏன் இல்லை என்று அவர் கேட்க, பேச்சு நீண்டுகொண்டே போனது. பிறகு என்னிடம் கொடுத்தாள். ஓவியப் போட்டியில் எனக்குக் கிடைத்த இரண்டாம் பரிசைப் பற்றி ஆதியோடந்தமாகச் சொன்னேன். அன்றைக்கு அண்ணன் பேசவில்லை.

அடுத்த ஞாயிறுக்குள் அம்மா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். எதிர்வீட்டுச் செல்வி அக்காவின் புருஷன் மலேசியாவில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டு நம்பருக்குத்தான் பேசுவார். இனி ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், லைன் என் பிள்ளைக்கு வேண்டும் என்று அம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். செல்வி அக்கா சண்டைக்கு வருகிற ஆள் இல்லை. வாசற்படியில் இறங்கித் திரும்பினாள்.

"ஒங்க மகன் மட்டும்தான் தூரத்துல இருக்காகளா அயித்தை?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அன்றைக்கும் இரண்டரைக்கு மணி அடித்தது. அப்பாதான். அண்ணன் பேசவில்லை.

மூன்றாவது ஞாயிறு அப்பா மூன்று தடவை கூப்பிட்டார். இப்போதுதானே வைத்தீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, அதற்குப் பிறகு வந்திருக்குமோ என்று பார்த்தேன் என்றார். கவலை கூடக்கூடப் பேச்சும் கூடியது. கால் உடைந்திருக்குமோ, காய்ச்சலோ, அந்த உஸ்தாத் பேச விடவில்லையோ என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டார்கள். அந்த வாரம் டீக்கடையில் யாரோ, அங்கிட்டெல்லாம் ஓட விட்டே ஆளைச் சாய்த்துவிடுவார்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்ல, அது எங்கள் அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. அம்மா சாப்பாட்டில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பாள். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். அண்ணனின் சைக்கிளை எனக்கே எனக்கென்று எடுத்துக்கொண்டதற்குத்தான் இப்படி நடக்கிறதோ என்று நினைத்து, அதைத் துடைத்து, அவன் நிறுத்துகிற இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினேன்.

அந்த வெள்ளிக்கிழமை அப்பாவின் குரல் சரியாக இல்லை. இந்த ஞாயிறும் சேதி வரவில்லை என்றால் தாய்மாமாவை ரயில் ஏற்றி அனுப்பு, பயலைக் கையோடு கூட்டி வரட்டும், பட்டாளமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றார். அம்மா சரி என்றாள். இரண்டு வருஷம் ஓடி ஓடி வாங்கிய வேலை, ஒரு 'சரி'யில் போகப் பார்த்தது.

மறுநாள் சனிக்கிழமை, தபால்காரர் இன்னொரு நீலக் கடிதம் கொண்டுவந்தார். நான்தான் பிரித்து வாசித்தேன். அவனே அவன் கையால் எழுதியிருந்தான்:

"மூணு ஞாயிறா போன் பண்றேன், எங்கேஜ்டாவே இருக்கு. ரெண்டு தடவைக்கு மேல அடிக்க விடமாட்டாங்க, மறுபடி வரிசையோட கடைசிக்குப் போகணும், அதுக்குள்ள நாலு மணி ஆயிருது. யார்கிட்ட இவ்வளவு நேரம் பேசுறீங்க? குவைத்துல அப்பாவுக்கு ஏதும் ஆயிருச்சா? எங்கிட்ட மறைக்காதீங்கம்மா. ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது."

வாசித்து முடித்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவன் பேசினானா என்று கேட்டுக் கேட்டே அவனைப் பேசவிடாமல் செய்திருக்கிறோம்! ஊரையெல்லாம் அந்த லைனிலிருந்து விரட்டிய அம்மாவுக்கு, அப்பாவை விரட்ட வேண்டும் என்று மட்டும் தோன்றவே இல்லை. அந்த இரண்டாம் பரிசை நான் அத்தனை நீட்டி முழக்கியிருக்க வேண்டாம் என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்தும்.

ஆனால் அழக்கூட நேரமில்லை. விடிந்தால் ஞாயிறு, இரண்டரைக்கு அப்பா கூப்பிடுவார். கூப்பிடாதீர்கள் என்று அவருக்குச் சொல்ல எந்த வழியும் கிடையாது. எடுக்காமல் விட்டால்? எடுக்கும்வரை அடித்துக்கொண்டே இருப்பார். அதுவும் அண்ணனாக இருந்துவிட்டால்? எடுத்துச் சொல்லிவிட்டு உடனே வைக்க வேண்டியதுதான். என்ன சொல்வது என்று அம்மா அன்றைக்கு முழுக்க முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, இரண்டரை. மணி அடித்தது.

"பய பேசு…"

"ஏங்க, தம்பி நல்லாருக்கான், காயிதம் வந்துச்சு. நீங்க பேசுறதுனாலதான் அவனுக்கு லைன் கெடைக்கல. வைங்க."

வைத்துவிட்டாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அப்பாவின் பேச்சை அவள் பாதியில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை. வைத்த கையைப் போனிலிருந்து எடுக்காமலே நின்றாள். மறுபடி கூப்பிட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம். உயிர் இருக்கிறதா என்று தூக்கிப் பார்க்கவும் முடியாது, அந்த நொடியில் அவன் அடித்தால்? இரண்டே முக்கால் ஆனது, மூன்று ஆனது. மூன்றேகால் வரை வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

பிறகு அடித்தது.

ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த கேள்விகள் எல்லாம் அம்மாவுக்கு எங்கே போயின என்று தெரியவில்லை. "சாப்பிட்டியாப்பா?" என்ற ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்பா நன்றாக இருக்கிறாரா என்பதைத்தான் அவனும் கேட்டுக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து யாரோ இந்தியில் அதட்ட, மூன்று நிமிஷத்தில் லைன் போய்விட்டது. அம்மா முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அப்புறம் எழுந்து நேராகச் செல்வி அக்கா வீட்டுக்குப் போனாள். அங்கே என்ன பேசினார்களோ, அடுத்த ஞாயிறு நாலு மணிக்குச் செல்வி அக்கா எங்கள் வீட்டில் மலேசியாவோடு பேசிக்கொண்டிருந்தாள்.

மகன் பேசிவிட்டான் என்று அப்பாவுக்குச் சொல்ல ஆளில்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை. ஞாயிறு போய், திங்கள், செவ்வாய், புதன், வியாழன் போய், வெள்ளிக்கிழமை வழக்கமான நேரத்துக்குத்தான் கூப்பிட்டார். இந்தத் தடவை அவர் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவே முந்திக்கொண்டு, பேசிட்டான்ங்க என்றாள்.  பிறகு என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"அண்டைக்கு அந்தப் பூத்துலயே ஒரு மணி வரைக்கும் நின்டேன்த்தா. கார்டைக் கையிலயே வச்சிருந்தேன். போடல."

அம்மா காத்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன், அதனால்தான் இத்தனை நாள் அதையே பெரிதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா காத்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. பயிற்சி முடிகிறவரை ஒரு ஞாயிறுகூட அவர் கூப்பிடவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுச் சேதியும் அவருக்கு வெள்ளிக்கிழமைதான் போய்ச் சேர்ந்தது.

இப்போது அந்த போன் இல்லை, சுவரில் வயர் வந்த ஓட்டை மட்டும் இருக்கிறது. 'கொர்ர்ர்' என்றால் என்னவென்று என் மகளுக்கு வாயால் செய்துதான் காட்ட வேண்டியிருக்கிறது. அப்பா குவைத்தை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். அண்ணனும் சர்வீஸ் முடிந்து வந்து, அதே வீட்டில்தான் இருக்கிறான், அறந்தாங்கியில் வேலை.

நான் திருச்சியில் இருக்கிறேன். போன ஞாயிறு மதியம் அப்பாவின் செல்லுக்கு அடித்தேன். நலம் விசாரித்தார், மழை பெய்ததா என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்து அண்ணன் யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது. இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"சரித்தா, வைக்கிறேன். லைன் சும்மா கெடக்கட்டும்."

வைத்துவிட்டார். நானும் திரும்பக் கூப்பிடவில்லை.