சம்மட்டி மீராவும் சத்தம் போடும் கொக்கும்

லாரிப் பட்டறைகள் நிறைந்த விஜயவாடா ஆட்டோநகரில் போய் நாகுல்மீரா எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அதுதான் அவருடைய பெயர் என்பது ரேஷன் கடைக்காரருக்கும் மனைவி ஜான்பீக்கும் மட்டுமே தெரிந்த செய்தி. சம்மட்டி மீரா என்று கேட்க வேண்டும். கேட்டால் வழி சொல்வதோடு விடமாட்டார்கள். கையில் இருக்கிற ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அவர் புகழும் பாடிவிட்டுத்தான் அனுப்புவார்கள்.

புகழுக்குக் காரணம் உண்டு. லாரி டயரின் ஓரம், டிஸ்க் என்கிற இரும்புச் சக்கரத்தைக் கவ்விக்கொண்டிருக்கும். துருவும் சேறும் வெயிலும் சேர்ந்து அதை ஒட்டவைத்துவிடும். அந்தப் பிடியை உடைத்து ஓரத்தை விலக்கினால்தான் உள்ளே இருக்கிற ட்யூபைப் பார்க்க முடியும். மற்ற டயர்க் கடைக்காரர்கள் சம்மட்டியும் கையுமாக டயரை வலம் வந்து, சாமி இறங்கியவர்கள் மாதிரி அடித்துக்கொண்டிருப்பார்கள். மீரா ஒரு தடவை குனிந்து பார்ப்பார், லுங்கியை மடித்துக் கட்டுவார், மூன்றே அடி. ஓரம் விட்டுவிடும். ஆட்டோநகர் டிரைவர்கள் வேலை நடக்கும் இடத்தில் நிற்கிற வழக்கம் கிடையாது. எதிர்ப்பக்கம் டீக்கடையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, எண்ணெயில் பொரித்த புணுகுலு தின்றுகொண்டே காதால் மேற்பார்வை பார்ப்பார்கள். மூன்றாவது சத்தம் கேட்டதும், "மீரா பாய் முடிச்சிட்டாரு" என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்திருப்பார்கள்.

இப்படிப்பட்ட கைக்குத்தான் கண்பட்டது. ஒரு கோடையில் தலை சீவப் போனவருக்கு வலது கை காதுக்கு மேல் ஏறவில்லை. நாளாக நாளாகச் சட்டையை மாட்டிவிடவும் ஜான்பீ வரவேண்டியிருந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் தோளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்ன தொழில் என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் அது எப்படியாவது ஆட்டோநகருக்கு வந்து சேர்ந்துவிடும் என்று பயந்து, தேங்காய் வியாபாரம் என்றார் மீரா.

"அப்ப தேங்காய் உடைக்கறதை இன்னையோட நிறுத்திடுங்க" என்றார் டாக்டர். "இனிமே ஓங்கி எதையும் அடிச்சீங்கன்னா, அப்புறம் சோறு எடுத்து வாய்ல வைக்கவும் இந்தக் கை வராது."

வெளியில் சொல்லக்கூடாது என்று மீரா நினைத்ததில் தப்பில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு டயர்க்காரருக்கு முன்பே தோள் போயிருந்தது. அந்த மனிதர் உயிரோடு எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது, "நல்ல வேலைக்காரரா இருந்தாரு" என்று அவரைப் பற்றிப் பேசினார்கள். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நிலைமை தனக்கு வரக்கூடாது என்பது ஒன்றே மீராவின் பிரார்த்தனையாக இருந்தது. டயர் வேலையை விட்டால் வேறு வேலையும் தெரியாது, சம்மட்டி இல்லாமல் டயர் வேலையும் கிடையாது.

ஏலூர் ரோட்டில் ஒரு பெரிய கட்டடத்துக்கு அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு எந்திரம் இரும்புக் குண்டை மெதுவாகத் தூக்கும், அப்படியே விட்டுவிடும். கீழே நட்ட தூண் மண்ணுக்குள் இறங்கும். மீரா வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். தூக்குகிற வேலை மட்டும்தான் எந்திரத்துக்கு. அடிக்கிற வேலையைக் குண்டு தானாகவே செய்துகொண்டது. அங்கிருந்து நேராக வீரபிரம்மத்தின் லேத் பட்டறைக்குப் போனார்.

பிரம்மம் எதைக் கொடுத்தாலும் கடைந்து தருவார். ஆனால் எதற்கு என்று தெரியாமல் எந்திரத்தை ஓட்டமாட்டார். மீரா தரையில் சாக்பீஸால் ஒரு கம்பியும், அதில் ஏறி இறங்கும் ஒரு குண்டும், கீழே டயருக்கும் டிஸ்குக்கும் நடுவே நுழைகிற ஒரு அலகும் போட்டுக் காட்டினார்.

"இது எதுக்கு, பாய்?"

"டயர் ஓரம் உடைக்க."

"அதுக்குத்தான் உங்க கை இருக்கே."

"கை எப்பவும் இருக்குமா, பிரம்மம்காரு?"

"ஏன், எங்கயாவது ஊருக்குப் போகுதா?"

மீரா வலது தோளைத் தடவிக்கொண்டார். பிரம்மம் அதைக் கவனித்தார், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மூலையில் கிடந்த பழைய லாரி ஆக்சிலை உருட்டிக்கொண்டு வந்தார்.

ஆக்சிலில் ஒரு துண்டை வெட்டி நடுவில் துளை போட்டதில் குண்டு தயாரானது. நெஞ்சு உயரக் கம்பி. கீழ் நுனியில் வளைந்த அலகு. ஒற்றைக் காலில் நிற்கிற அதன் தோற்றத்தைப் பார்த்து பிரம்மம் அதற்குக் கொக்கு என்று பெயர் வைத்தார். குண்டை இடுப்பு வரை தூக்கி விட்டால் போதும், தோளுக்கு அதில் வேலையே இல்லை. மீராவின் கடையில் கிடந்த ஒரு பழைய டயரில் முதல் முதலாகக் குண்டை விட்டபோது, அலகு வாழைத்தண்டை வெட்டுவதுபோல் டயரைக் கிழித்துக்கொண்டு போய் டிஸ்கில் நின்றது.

"டயர் கழட்டக் கேட்டீங்களா, இல்ல கசாப்புக்கடை வைக்கப் போறீங்களா?" என்றார் பிரம்மம்.

குண்டின் எடையைக் குறைத்தார்கள். டயருக்கு விக்கல்கூட வரவில்லை. லாரி டயருக்குச் சரியாக இருந்தது ஜீப் டயரைக் கிழித்தது, ஜீப்புக்குச் சரியானது டிராக்டர் டயரிடம் கெஞ்சிக்கொண்டு நின்றது. அப்போதுதான் மீராவுக்கு ஒன்று புரிந்தது. இத்தனை வருஷமாக அவர் கை ஒவ்வொரு டயருக்கும் வேறு வேறு அடிதான் அடித்து வந்திருக்கிறது, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே. அந்தக் கையை நினைத்து அவருக்குத் துக்கமாக இருந்தது.

கை செய்ததை இனிக் கம்பி செய்ய வேண்டும். கம்பி நெடுக வரிசையாக ஓட்டை போட்டு, ஒரு வளையத்தை எந்த ஓட்டையில் வேண்டுமானாலும் ஆணி செருகி நிறுத்தும்படி செய்தார்கள். வளையத்துக்கு மேல் குண்டு ஏறாது. ஜீப் என்றால் கீழ் ஓட்டை, லாரி என்றால் மேல் ஓட்டை. அலகையும் ஒரு போல்ட்டில் மாட்டி, டிஸ்கின் சாய்வுக்கு ஏற்றபடி சாய்த்துக்கொள்ளச் செய்தார்கள். லாரி டயர்களை ஏதேதோ சாக்குச் சொல்லி மீரா தள்ளிப்போட்டுக்கொண்டிருக்க, மழைக்காலம் முடிவதற்குள் கொக்கு தேறிவிட்டது. குண்டு விழும் இடத்தில் மீரா ஒரு ரப்பர் வில்லையையும் வைத்திருந்தார். தலையணை கீழே விழுந்ததுபோல் தொப்பென்று ஒரு சத்தம், ஓரம் விலகிவிடும். மூன்று அடிகூட வேண்டாம், ஒன்றே போதும். அன்று மீரா கடையைப் பாதியில் மூடிவிட்டு வீட்டுக்குப் போய், நல்ல ஆட்டுக்கறி வாங்கி வந்திருப்பதாக ஜான்பீயிடம் சொன்னார். வலது கையாலேயே சாப்பிட்டுவிட்டு, டாக்டர் பயமுறுத்தியது நடக்கவில்லை பார் என்றும் சொல்லிக் காட்டினார்.

மறுநாள் முதல் ஆளாக வந்தவர் கோட்டிரெட்டி, சொந்தமாக ஒரு லாரி வைத்து ஓட்டுகிறவர். டயரை இறக்கிவிட்டு டீக்கடைக்குப் போனார். வெகுநேரம் கழித்து எரிச்சலோடு திரும்பி வந்தார்.

"என்ன பாய், இன்னும் ஆரம்பிக்கலயா?"

"எப்பவோ முடிஞ்சிருச்சு ரெட்டிகாரு. ஏத்திக்குங்க."

"முடிஞ்சிருச்சா? நான் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், ஒரு அடி கேக்கல."

"புது சாமான். சத்தம் வராது."

"டயரைக் கழட்டாம எப்படி ட்யூப் மாத்தினீங்க? ஊசி போட்டு எடுத்தீங்களா?"

மீரா பழைய ட்யூபை எடுத்துக் காட்டினார். அது யார் வீட்டு ட்யூபோ என்றார் ரெட்டி. வேறு வழியில்லாமல் மீரா கொக்கை நிறுத்தி, அவர் கண்ணெதிரே இன்னொரு தடவை டயரைக் கழற்றிக் காட்டினார். ரெட்டி வாயைத் திறந்து பார்த்தார். பிறகு அந்த முகத்தில் ஏமாந்துபோனவரின் வருத்தம் வந்தது.

"இவ்வளவுதானா? இதை எங்க வீட்டுக்காரியே செய்வாளே. இதுக்கா பாய் இத்தனை வருஷமா உங்களைத் தேடி வந்தேன்?"

அடுத்த தடவை ரெட்டி பக்கத்துக் கடை சலமய்யாவிடம் போனார். ரெட்டி போன வழியே மற்றவர்களும் போனார்கள். சலமய்யாவுக்கு உருண்டு திரண்ட புஜம், ஆனால் குறி கிடையாது. டயரில் விழுகிற அடியைவிட டிஸ்கில் விழுகிற அடி அதிகம். டிஸ்க் நெளிந்தாலும் டீக்கடையில் இருப்பவர்களுக்குக் காது குளிர்ந்தது. உழைப்பாளி என்று அவனுக்குப் பெயர் கிடைத்தது. உறவு ஒன்றும் இல்லாவிட்டாலும் மச்சான் முறை கொண்டாடி மீராவை 'பாவா' என்று கூப்பிடுகிறவன், இப்போது நாளுக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தான்.

"என்ன பாவா, கடையில யாரையாவது தூங்க வெச்சிருக்கீங்களா? இவ்வளவு பதவிசா வேலை நடக்குது?"

மத்தியானச் சோறு கொண்டு வந்த ஜான்பீ காலிக் கடையைப் பார்த்தாள், கொக்கைப் பார்த்தாள், புருஷனையும் பார்த்தாள்.

"மேளமே இல்லாம கல்யாணம் நடத்தினா, கல்யாணம்னு யாருங்க நம்புவாங்க?" என்றாள் கோங்கூராக் கீரையைச் சோற்றில் பிசைந்தபடி. "அவங்க வர்றது டயருக்காக இல்ல, சத்தத்துக்காக. அதையும் வெச்சுக் கொடுங்களேன்."

மீராவுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. எவ்வளவோ யோசித்து ஒழித்த சத்தத்தை, உட்கார்ந்து யோசித்துத் திரும்ப வரவழைப்பதா? அவமானமாக இருந்தது. மூன்று நாள் வீம்பாக இருந்தார். நான்காம் நாளும் யாரும் வராததால் கொக்கைத் தோளில், அதாவது இடது தோளில், போட்டுக்கொண்டு பட்டறைக்கு நடந்தார்.

பிரம்மம் சிரிக்கவில்லை. அதுதான் அந்த மனிதரின் பெருந்தன்மை. ரப்பர் வில்லையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அங்கே லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டை வைத்தார். குண்டு விழுந்ததும் கோயில் மணிக்கும் கொல்லன் உலைக்கும் நடுவே ஒரு சத்தம் வந்தது. பிறகு அவரே யோசித்து, பட்டையை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு திருகாணியும் வைத்தார்.

"சின்ன வண்டிக்குக் கொஞ்சமா, பெரிய வண்டிக்கு நிறைய. எல்லாத்தையும் கூட்டிக் குறைக்க வெச்சிட்டு சத்தத்தை மட்டும் விட்டா நல்லாருக்குமா?"

கடை வாசலில் மீரா ஒரு சாக்குத் திரையைத் தொங்கவிட்டார். கேட்டவர்களிடம் திரை வெயிலுக்கு என்றும், கொக்கைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று என்றும் சொன்னார். திரைக்கு உள்ளே ஒவ்வொரு டயருக்கும் மூன்று தடவை குண்டைத் தூக்கி விட்டார். முதலாவது டயருக்கு, மற்ற இரண்டும் டீக்கடைக்கு. ஒரே வாரத்தில் கோட்டிரெட்டி திரும்பி வந்தார். "மீரா பாய்க்கு உடம்பு சரியில்லாம இருந்திருக்கும் போல. இப்ப கேளு, அதே கை" என்று அவரே எல்லோருக்கும் சொன்னார். நிம்மதியும் வயிற்றெரிச்சலும் சேர்ந்து வந்தால் எப்படி இருக்கும் என்று மீரா அப்போது தெரிந்துகொண்டார்.

தசரா வந்தது. ஆயுத பூஜைக்கு அந்த வரிசைக் கடைகள் எல்லாம் கருவிகளைக் கழுவிக் குங்குமம் வைத்து ஓய்வு கொடுக்கும். விஜயதசமி காலையில் நடுத் தெருவில் ஒரு பூசணிக்காயை வைத்துச் சம்மட்டியால் உடைத்துவிட்டுத்தான் வேலை தொடங்கும். உடைப்பது எப்போதும் மீராதான். தர்காவுக்குப் போய்வருகிற கை அடித்தால் திருஷ்டி திரும்பி வராது என்பது அந்த வரிசையின் நம்பிக்கை. பூசணிக்காயிடம் கொக்கைக் கொண்டுபோய் நிறுத்த முடியாது. சாக்குத் திரையும் கட்ட முடியாது.

சலமய்யா மாலை போட்ட சம்மட்டியைக் கொண்டுவந்து நீட்டினான். கோட்டிரெட்டி போனைத் தூக்கிப் பிடித்தார். கூட்டத்தின் ஓரத்தில் ஜான்பீ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். ஏதாவது சாக்கு சொல்லலாம் என்று மீரா வாயெடுத்தார், அதற்குள் சம்மட்டி கைக்கு வந்துவிட்டது. பிஸ்மில்லா என்று சம்மட்டியைத் தூக்கினார். இடுப்பு வரை வந்தது. அதற்கு மேல் தோளில் யாரோ கத்தியைச் செருகியதுபோல் இருந்தது. கண் இருட்டியது. இன்றோடு முடிந்தது, நாளை முதல் நானும் 'நல்ல வேலைக்காரரா இருந்தாரு'தான் என்று நினைத்தார். கை விட்டுவிட்டது.

சம்மட்டி தானாகவே விழுந்தது. பூசணிக்காய் பிளந்து, குங்குமத் தண்ணீர் நாலு பக்கமும் தெறித்தது.

"பாத்தீங்களா?" என்றார் கோட்டிரெட்டி, போனைத் தாழ்த்தாமலே. "ஓங்கவே இல்ல. சும்மா வெச்சாரு, உடைஞ்சிருச்சு. இதான்யா கை."

கூட்டம் கைதட்டியது. பிரம்மம் மட்டும் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார், "சரியா நம்ம லாரி ஓட்டை உயரம், பாய்."

தானாக விழுகிற எடையே அடித்துவிடும் என்று மீரா அத்தனை நாள் பாடுபட்டுச் செய்த சங்கதியைப் பூசணிக்காய் நட்ட நடுத்தெருவில் காட்டிக்கொடுத்துவிட்டது. அதையும் தூக்கி அவருடைய கைக்கே மாலையாகப் போட்டுவிட்டார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மீரா கடைக்குள் போய்த் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு திரை விலகியது. சலமய்யா நின்றிருந்தான். அவன் கண் நேராகக் கொக்கின் மேல் போனது.

"தெரியும் பாவா" என்றான் அவன். "சம்மட்டி டயர்ல விழுந்தா ஒரு சத்தம், இரும்பு மேல இரும்பு விழுந்தா ஒரு சத்தம். பக்கத்துல இருக்கறவனுக்குக் கேக்காதா?"

"ஏன்டா, தெரிஞ்சும் யார்கிட்டயும் சொல்லலயா?"

சலமய்யா உருண்டு திரண்ட தன் வலது கையை மேலே தூக்கிக் காட்டினான். அது காது வரை வந்து நின்றுவிட்டது. அவன் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"எனக்கும் ஒண்ணு செஞ்சு கொடுங்க, பாவா" என்றான். "ஆனா சத்தம் உங்களோடதைவிடக் கூட இருக்கணும். என்னை உழைப்பாளின்னு நம்பிட்டாங்க."

மீரா எழுந்து அவனை உட்காரவைத்துவிட்டு, சாக்குத் திரையை நன்றாக இழுத்து மூடினார்.