பாலவாக்கத்துக்கு இரண்டு டிக்கெட்

சிக்கனமாகச் சென்னையைச் சுற்றிப் பார்க்கத் தீர்மானித்து, நானும் என் மனைவியும் தியாகராய நகரில் ஒரு சிறிய விடுதியில் தங்கினோம். முதல் நாள் முற்பகல் மயிலாப்பூர் கோயிலுக்குப் புறப்பட்டோம். இந்நகரில் கல்லூரிப் படிப்பை முடித்த நான் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை என்று அவளிடம் அறிவித்துவிட்டு, அக்காலத்தில் ஏறிய அதே எண்ணுள்ள பேருந்தில் ஏறினேன்.

நடத்துநர் பருத்த உடலும் நரைத்த மீசையும் உடையவர். டிக்கெட் கிழிக்குமுன் ஒவ்வொருவர் முகத்தையும் ஒரு கணம் உற்றுப் பார்ப்பார்.

“மயிலாப்பூர் இரண்டு” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார்.

“கோயிலா சார்? இப்ப நடை சாத்திடுவாங்களே, சாயங்காலந்தான் தொறப்பாங்க. அதான் அம்மாவுக்கு மொதல்ல பாலவாக்கம் பீச்சைக் காட்டலாம்னு இந்த வண்டில ஏறிக்கினீங்களா? கில்லாடி சார் நீங்க!”

பேருந்து மாறி ஏறிவிட்டேன் என்பது அப்போதுதான் விளங்கியது. “ஆமாம்” என்றேன் கம்பீரமாக.

பாலவாக்கத்தில் என் மனைவி செருப்பைக் கையில் பிடித்தபடி அலையில் நின்று, “நல்ல யோசனைங்க உங்களுக்கு” என்று சிரித்தாள்.

என் மானத்தைக் காத்த அம்மனிதரை நன்றியோடு நினைக்கிறேன். ஆனால், நாங்கள் இறங்கியபோது அவரும் அவளும் எதற்காகப் புன்னகைத்துக்கொண்டார்கள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.