கூட்டி எழுதிய எடை

தெருவில் அவளுக்கு எடைக்காரம்மா என்றுதான் பெயர். குழந்தைகளின் வளர்ச்சி பற்றிய ஆய்வொன்றில் வேலை. தோளில் தராசும் கையில் பதிவேடுமாக மாதம் நாற்பது வீடு ஏறி இறங்குவாள். முள் காட்டுவதை அப்படியே எழுத வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எடை ஏறவில்லை என்றால் தாயின் முகம் சுண்டிப்போகும். அது இவளுக்குப் பொறுக்காது. நூறு கிராமோ இருநூறோ கூட்டி எழுதிவிடுவாள். அடுத்த மாதம் தானாக ஏறிக்கொள்ளும், இதில் யார் குடி முழுகிவிடப்போகிறது என்று நினைப்பு. நல்லவள்தான். நல்லவளாக இருந்து தொலைத்ததுதான் வயிற்றெரிச்சல்.

தையல்காரர் வீட்டுப் பையனுக்கு ஒன்றரை வயது. தராசில் தொங்கவிட்டால் அழமாட்டான், சிரிப்பான். இரண்டு மாதம் தொடர்ந்து எடை ஏறாத பிள்ளையை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது ஆய்வின் விதி. அவனுக்கு மூன்று மாதமாக ஏறவில்லை. கடைசியில் கொஞ்சம் இறங்கியே இருந்தது; பதிவேட்டில்தான் ஏறிக்கொண்டிருந்தது.

“இந்த மாசம் ஏறலன்னா மாமியார் என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்கக்கா” என்றாள் தையல்காரர் மனைவி.

“ஏறலன்னு யார் சொன்னா? இருநூறு கிராம் கூடியிருக்கான் உங்க வீட்டு துரை!”

அடுத்த மாதம் போனபோது பையன் இல்லை. இதயத்தில் பிறவிக் கோளாறாம். முன்னாலேயே காட்டியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்களாம் ஆஸ்பத்திரியில்.

“மூச்சு வாங்குதேன்னு அவர் சொன்னாருக்கா. எடைதான் ஏறுதே, ஒண்ணும் இருக்காதுன்னு நான்தான் சொன்னேன்.”

எடைக்காரம்மா தராசைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. நேரே ஆய்வுத் தலைவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள்.

அவர் கத்தவில்லை. “எந்தெந்த வீட்டுல கூட்டி எழுதினீங்க?” என்று மட்டும் கேட்டார்.

அதுவும் அவளுக்கு நினைவில்லை. நாற்பது பிள்ளைகளையும் அன்றே மறுபடி நிறுக்கக் கிளம்பினார்கள். பதிவேடு குப்பைக்குப் போயிற்று. அவள் வேலையும் போயிற்று. போகட்டும், அதுவா இப்போது பெரிது?

“அந்த வீட்டுல நான் சொல்லிக்கிறேன்” என்றார் தலைவர்.

“வேண்டாம் சார். நானே சொல்றேன்.”

தையல்காரர் மனைவி தரையில் உட்கார்ந்தபடி முழுவதையும் கேட்டாள். திட்டுவாள், அடிப்பாள், சாபம் விடுவாள் என்று எதிர்பார்த்து நின்றாள் எடைக்காரம்மா. அவள் அப்படி எதுவும் செய்யவில்லை. தலை நிமிர்ந்தாள்.

“அப்ப என் புள்ள கடைசியா நிஜமா எவ்வளவுக்கா இருந்தான்?”

எடைக்காரம்மா யோசித்து யோசித்துப் பார்த்தாள். அந்த எண்ணை அவள் எங்கேயுமே எழுதியிருக்கவில்லை.

“தெரியலம்மா” என்றாள்.