கீர்த்தனா திறக்காத கதவு

செஞ்சியில் பிலவேந்திரனைத் தெரியாத குழாயடி கிடையாது. பேரூராட்சியில் தண்ணீர் திறந்துவிடும் வேலை. இடுப்புயர இரும்புச் சாவியை டி.வி.எஸ். வண்டியில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய் வால்வைத் திருகுவார். நல்ல மனுஷர்தான். ஒரே குறை, கை சும்மா இருக்காது. யாராவது குடத்தோடு தடுமாறினால் கேட்காமலே வாங்கி, வீட்டு வாசல்வரை கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார். மனைவி ஆரோக்கியமேரி அவருக்கு வைத்த பெயர் முந்திரிக்கொட்டை.

அந்தக் கையிடம் அதிகம் மாட்டிக்கொண்டவள் மகள் கீர்த்தனா. ஒரே பிள்ளை. பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தபோது சொட்டுநீர்ப் பாசனம் செய்து காட்ட ஆசைப்பட்டாள். அவள் டியூஷன் போய்த் திரும்புவதற்குள் இவரே குழாய் வெட்டி, ஒட்டி, தண்ணீரும் ஓடவிட்டுவிட்டார். முதல் பரிசு கிடைத்தது. அதைப் பிள்ளை அலமாரிக்குள் துணிக்குப் பின்னால் வைத்தது ஏன் என்று அவர் யோசிக்கவில்லை. அவள் திண்டிவனத்தில் கல்லூரிக்குப் போன காலத்தில் பஸ் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு சீட் பிடித்துக் கொடுத்ததும் இவர்தான்.

படிப்பு முடிந்து வேலைக்குக் காத்திருந்த கோடையில் கீர்த்தனா போனில் ஒரு கேம் ஆடினாள். ஒரு பெண் சிறையிலிருந்து கதவு கதவாகத் தப்பித்துப் போக வேண்டும். ஒவ்வொரு கதவுக்கும் மின்பூட்டு; அதை ஹேக் செய்தால்தான் திறக்கும். திரையில் கட்டங்கள் வரும், கட்டத்துக்குள் நேர்கோடோ வளைவோ இருக்கும். விரலால் தட்டினால் கட்டம் திரும்பும். இடது ஓரத்திலிருந்து நீல வெளிச்சம் புறப்படுவதற்குள் கோடுகளைச் சேர்த்து வலது ஓரம்வரை வழி போட்டுவிட வேண்டும். வழி எங்காவது விட்டுப்போனால் சைரன் அலறும்.

சைரன் அலறிக்கொண்டே இருந்தது. பிலவேந்திரன் எட்டிப் பார்த்தார்.

"எங்கருந்து ஆரம்பிக்கிற?"

"லைட் வர்ற எடத்துலருந்துதான் நைனா."

"அங்கதான் தப்பு. எங்க போய்ச் சேரணுமோ அங்கருந்து திரும்பி வா. நான் கடைசித் தெருவ சரி பண்ணிட்டுதான் டேங்க்கு வால்வ தொறப்பேன்."

அவள் அப்படியே செய்தாள். கதவு திறந்தது. பிறகு அவளாகவே சிலவற்றைக் கண்டுபிடித்தாள். ஓரத்து மூலையில் இருக்கும் வளைவு ஒரே ஒரு விதமாகத்தான் பொருந்தும், ஆகவே அதை முதலில் முடித்துவிட வேண்டும். வழியில் வராத கட்டத்தைத் தொட்டு நேரத்தைக் கெடுக்கக் கூடாது. அப்பாவின் விரல் திரைப் பக்கம் நீண்டபோது மட்டும் தட்டிவிட்டாள்.

"நைனா, கண்ணு உன்து, கை என்து. தொடக் கூடாது. சரியா?"

"சரி" என்றார். மகளோடு தோள் உரச உட்கார்ந்த அந்தக் கோடைபோல் அவருக்கு ஒரு காலம் அதற்கு முன் வாய்க்கவில்லை. மதியச் சாப்பாடு ஆறிப்போகும், ஆரோக்கியமேரி திட்டுவாள், இருவரும் காதில் வாங்க மாட்டார்கள்.

கடைசிக் கதவு மட்டும் மசியவில்லை. அதில் நீலம், சிவப்பு என்று இரண்டு வெளிச்சம். இரண்டும் தனித்தனியே போய்ச் சேர வேண்டும். எப்படித் திருப்பினாலும் ஒன்றின் வழியை மற்றது மறித்தது. இதற்குள் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கீர்த்தனாவுக்கு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை கிளம்ப வேண்டும்.

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி வந்து இத தொறந்துட்டுதான் நைனா பெட்டியே கட்டுவேன்" என்றாள்.

தண்ணீர் விட வேண்டியிருந்ததால் அன்று பிலவேந்திரன் முதல் பூசைக்கே போய் வந்துவிட்டார். தாயும் மகளும் இரண்டாம் பூசைக்குப் போயிருந்தார்கள். போன் சார்ஜில் கிடந்தது. சும்மா பார்க்கலாம் என்றுதான் எடுத்தார். பார்த்ததும் பளிச்சென்று பிடிபட்டது. காந்தி பஜார் முனையில் ஒரு பைப்லைன் இன்னொன்றின் அடியில் குறுக்கே போகிறதே, அதேபோல நடுக்கட்டத்தில் ஒரு கோட்டை மற்றது தாண்டிப் போக ஒரு பாலம் இருந்தது. இரண்டையும் விலக்கத்தானே இத்தனை நாள் பாடுபட்டோம்! குறுக்கே விட்டுவிட்டால் தீர்ந்தது.

அவள் வந்ததும் வாயால் சொல்லியிருக்கலாம். சொல்லாமலே விட்டிருந்தால் இன்னும் நல்லது. முந்திரிக்கொட்டைக்கு அதெல்லாம் தோன்றுமா? விரல் தட்டிவிட்டது. கதவு திறந்து, சிறைப்பெண் வெயிலில் இறங்கி நடந்தாள். ஆட்டம் முடிந்தது. திறந்த கதவு மறுபடி பூட்டிக்கொள்ளாது. வேண்டுமென்றால் முதல் கதவிலிருந்து ஆட வேண்டும்.

முக்காட்டை எடுத்தபடி உள்ளே வந்தவளிடம் போனைச் சிரித்த முகமாக நீட்டினார்.

"தொறந்துட்டேன் பாரு."

கீர்த்தனா திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இன்னா நைனா" என்றாள். பிறகு சமாளித்துக்கொண்டு, "பரவால்ல" என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்டப் போனாள். ஆரோக்கியமேரி மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "அவ கையால ஒண்ணாச்சும் தொறக்க விட்டிருக்கலாமில்ல."

அப்போதுதான் அலமாரிக்குள் இருந்த பரிசு அவர் நினைவுக்கு வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மறுநாள் பஸ் நிலையத்தில் பழக்க தோஷத்தில் துண்டை எடுத்தபோது, "வேணாம் நைனா, நானே பாத்துக்கறேன்" என்று கூட்டத்துக்குள் நுழைந்து ஏறினாள். திண்டிவனம்வரை நின்றுகொண்டே போனதாகப் பிறகு தாயிடம் சொன்னாளாம்.

பிலவேந்திரன் தன் போனில் அதே கேமை ஏற்றினார். டீக்கடையிலும் டேங்க் நிழலிலும் உட்கார்ந்து முதல் கதவிலிருந்து ஆடினார். துணையில்லாமல் ஆடுவது பிடிக்கவே இல்லை, ஆனாலும் விடவில்லை. கடைசிக் கதவுக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டார். நடுக்கட்டத்தை அவர் தொடவே இல்லை.

கிறிஸ்துமஸுக்குக் கீர்த்தனா வந்தாள். இளைத்திருந்தாள், பேச்சில் ஒரு நிதானம் வந்திருந்தது. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து போனை நீட்டினார்.

"கடைசிக் கதவு. அப்டியே வெச்சிருக்கேன். நீ தொற."

அவள் வாங்கிப் பார்த்தாள். விரல் நடுக்கட்டத்துக்கு மேலே போய் நின்றது. பிறகு சிரித்தாள். கோபம் துளியும் இல்லை, அதுதான் அவரைச் சுட்டது.

"நீயே தொற நைனா. உனக்குத்தான் தெரியுமே" என்று போனை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டுத் தட்டைக் கழுவ எழுந்து போனாள்.

பிலவேந்திரன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தெருவுக்குத் தண்ணீர் விடும் நேரமாகிவிட்டது. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.