ரிசர்வில் கிடந்த பணம்

இராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குள் வில்லிபுத்தூர் வண்டி திரும்பும்போதே தவசிமுத்து ஓடத் தொடங்கிவிடுவார். வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு உள்ளே விழுந்துவிடும். இரண்டு பேர் உட்காரும் சீட்டுதான் வேண்டும். யாராவது துண்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தால், "ஏலே, துண்டு கெடக்குல்ல? கண்ணு அவிஞ்சு போச்சா?" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அவன் எழும்வரை அங்கிருந்து நகர மாட்டார்.

நூற்பாலையில் முப்பத்தொரு வருடம் மிஷின் பழுதுபார்க்கும் ஃபிட்டர் வேலை. மிஷின் இரைச்சல் காதைத் தின்றுவிட்டது. அவர் ரகசியம் பேசினாலும் நாலு சீட்டு தள்ளி இருப்பவருக்குக் கேட்கும். ஓய்வு பெற்றபோது வந்த பி.எஃப். மூன்று லட்சத்து எண்பதாயிரத்தை, மனைவி செல்வலட்சுமியின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன கூட்டுறவு வங்கியில் போட்டார். அங்கே வட்டி அரை சதவீதம் கூடுதல்.

மறு வருடமே செல்வலட்சுமிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதய வால்வை இரண்டு மாதத்துக்குள் மாற்ற வேண்டும், மூன்று லட்சம் ஆகும் என்றார் மதுரை டாக்டர். பணம் எடுக்கப் போனால் வங்கி வாசலில் கூட்டம். கதவில் ஒட்டியிருந்த தாளை எழுத்துக்கூட்டிப் படித்தார். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி ஆளுக்குப் பத்தாயிரம் மட்டும்.

உள்ளே காசாளர் ரெனிட்டா தொண்டை கட்டிப்போய்ப் பேசிக்கொண்டிருந்தார். "போட்ட பணம் அப்படியே பெட்டியில இருக்காது அண்ணாச்சி. கடனாப் போயிருக்கும். கொஞ்சம் கையில இருக்கும், கொஞ்சம் ரிசர்வ் வங்கியில வச்சிருப்போம். எல்லாரும் ஒரே நாள்ல கேட்டா எங்க போறது?"

அந்தக் கூச்சலில் தவசிமுத்துவின் காதுக்குள் போனது ஒரே சொல்தான். "அப்ப எம் பணம் ரிசர்வுல கெடக்கா தாயி?"

ரெனிட்டா வரிசையின் நீளத்தைப் பார்த்தார். "ஆமாண்ணாச்சி. டெபாசிட் இன்சூரன்ஸ்ல தொண்ணூறு நாள்ல வந்துரும். அவசரம்னு மனு எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

தவசிமுத்துவுக்குத் தெரிந்த ரிசர்வ், செங்கோட்டை ரயிலில் இருப்பது. பெயர் பதிந்துவிட்டால் எவன் உட்கார்ந்திருந்தாலும் எழுந்துதான் ஆகவேண்டும். டாக்டர் சீட்டைக் காட்டினால் தம் பெயருக்குரிய பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்று நம்பினார். திங்கள்தோறும் மனைவியை ஜன்னலோரம் உட்காரவைத்து வங்கிக்குப் போய்வந்தார்.

மைத்துனர் சீனிச்சாமி தன் வீட்டுப் பத்திரத்தோடு வந்தார். "மச்சான், இத அடமானம் வச்சு மொதல்ல ஆப்பரேசன முடிப்போம்."

"எதுக்கு மாப்ள வட்டி கெட்டணும்? நம்ம காசுக்குத் துண்டு போட்டாச்சுல்ல."

"இவரு துண்டப் பாத்து ரிசர்வ் வங்கியே நடுங்குதாம்," என்று மூச்சிரைப்புக்கு நடுவே செல்வலட்சுமி சிரித்தார். சீனிச்சாமி பத்திரத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

மனு கொடுத்த எழுபத்தோராம் நாள் விடியலில் செல்வலட்சுமி இறந்தார். தொண்ணூற்று மூன்றாம் நாள் பணம் வந்தது, ஒரு ரூபாய்கூடக் குறையாமல்.

"அன்னைக்கே உங்களுக்கு வெளங்குற மாதிரிச் சொல்லியிருக்கணும் அண்ணாச்சி," என்றார் ரெனிட்டா.

"நீ சொல்லத்தான் தாயி செஞ்ச. எனக்குத்தான் மிசின் காது."

இப்போது தவசிமுத்து இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பகல் வாட்ச்மேன். பணம் வேறொரு வங்கியில் அப்படியே கிடக்கிறது. திங்கட்கிழமை லீவு. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருக்கு வேலை எதுவும் இல்லை. ஆனாலும் வண்டி ஏறுகிறார்.

போன திங்கட்கிழமையும் நடைபாதைப் பக்கம் உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரத்தில் துண்டு கிடந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பெரியவரே, இங்க ஆள் வருதா?"

காதில் விழாதவர்போல இருந்தார். வண்டி நகர்ந்தது. பிறகு துண்டை எடுத்து நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அவள் உள்ளே போவதற்காக முழங்காலை ஒடுக்கினார்.