எலிக்குக் கேட்கும் மருந்து

ஃப்ரீசர் கதவைச் சாத்திவிட்டு நாலடி நடந்தவள், திரும்பி வந்து கைப்பிடியை இழுத்துப் பார்க்கிறாள். மூடித்தான் இருக்கிறது. மாடிப்படி வரை போய்விட்டு இன்னொரு தடவை வருகிறாள். "கதவு எங்க ஓடிடப் போகுது?" என்று பாக்கிங்காரர் கேட்டால், "கதவு போகாதுண்ணே, குளிர் போயிடும்" என்பாள்.

அந்தக் கம்பெனியில் அவளுக்குப் பெயர் ஐஸக்கா. எந்நேரமும் ஐஸ் நிரப்பிய சிறு வாளியும் கையுமாக அலைவதால் வந்த பெயர். இத்தனை வருஷம் ஐஸோடு புழங்கியும் மேலே இருப்பவர்களுக்கு ஐஸ் வைக்கத் தெரியவில்லையே என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்வார்கள். அவளும் சிரிப்பாள். சிரிக்கும்போதே கண் வாளிக்குள் எட்டிப் பார்த்துவிடும்.

வாளிக்குள் இருப்பது எலியின் சமாசாரம். வைரஸ் தாக்கினால் சுண்டெலியின் உடம்பு இன்டர்ஃபெரான் என்றொரு புரதத்தைச் சுரந்து, பக்கத்துச் செல்களுக்கெல்லாம் 'உஷார்' என்று சேதி அனுப்பும். அந்தப் புரதத்துக்கான மரபணுவை பாக்டீரியாவுக்குள் புகுத்தி வளர்த்தால், பாக்டீரியாவே எலிப் புரதத்தைச் செய்து தரும். அதைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்வது அவள் வேலை. உறையவைத்து உலர்த்திய பிறகு, பவுடர் பூசிய விரல் பட்டதுபோலக் குப்பியின் அடியில் ஒரு வெள்ளைத் தடம்தான் மிஞ்சும். அது ஆராய்ச்சிக்கூடங்களுக்குப் போகும். 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்கல்ல' என்று லேபிளில் அச்சிட்டிருக்கும்.

வீட்டிலும் இதே பாடுதான். பஸ் ஏறிய பிறகு காஸை அணைத்தோமா என்று சந்தேகம் வரும், புருஷனுக்கு போன் போடுவாள். அவர் எடுத்த எடுப்பிலேயே "அணைச்சாச்சு" என்பார். அவள் இன்னும் வாயையே திறந்திருக்க மாட்டாள்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் போன மாதம் அது நடந்தது.

வேன் ஓட்டும் அவள் தம்பி மதிய நேரத்தில் கம்பெனி வாசலில் வந்து நின்றான். முகத்தில் உயிரே இல்லை. அவனுடைய சின்ன மகள் வைரஸ் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். காய்ச்சல் இறங்குவேனா என்றது. அவனை பாக்கிங் அறையில் உட்காரவைத்தாள்.

"இதுக்குன்னு தனியா மருந்து இல்லையாம்க்கா. உடம்பு தானா சரியாகணுமாம். நீ வைரஸுக்குத்தானே மருந்து செய்யற? ஒரே ஒரு குப்பி குடு."

"அது மருந்து இல்லடா. எலியோடது."

"எலிக்குக் கேக்கறது புள்ளைக்குக் கேக்காதா?"

"கேக்காதுடா. அது எலி பாஷையில பேசற சாமான். நம்ம உடம்புக்குப் புரியாது. மனுஷங்களுக்குப் போடற மாதிரி அதைத் தயார் பண்றதும் இல்ல. போட்டா இருக்கிற காய்ச்சலோட வேற ஆபத்தும் சேரும்."

அவன் சுவரைப் பார்த்தான். "எலிக்கு இருக்கிற கொடுப்பினை எம்பொண்ணுக்கு இல்ல."

அவனுக்குத் தண்ணீர் எடுத்துவரப் போனாள். டம்ளரோடு திரும்பியபோது அவனைக் காணோம். கூரியருக்காக மேஜைமேல் வைத்திருந்த தெர்மோகோல் பெட்டியின் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. குப்பிகள் செருகிய அட்டையில் ஒரு குழி காலி.

போன் அடித்தாள், அவன் எடுக்கவில்லை. மேனேஜரம்மாவின் அறைக்கு ஓடினாள். குப்பி உடைந்துவிட்டது என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, "எடுத்துட்டுப் போனது என் தம்பி மேடம். குழந்தைக்குக் குடுத்துடுவான்" என்றாள்.

அந்த அம்மாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "எந்த ஆஸ்பத்திரி? வார்டுக்கு நான் பேசறேன். நீங்க கிளம்புங்க."

கிடைத்த டாக்சியில் ஏறினாள். ஒவ்வொரு சிக்னலிலும் அவள் கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. "மெதுவாம்மா, வண்டி ஓட்டையாயிடும்" என்றார் டிரைவர். அவள் காதில் அது ஏறவில்லை. தண்ணீரில் கலந்திருப்பானோ, ஊசி வாங்கியிருப்பானோ என்று மனசு எதையெதையோ காட்டிக்கொண்டே வந்தது.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருந்தான். சட்டைப்பையை ஒரு கையால் பொத்தியிருந்தான்.

"குடுத்துட்டியா?"

"இல்லக்கா. நாக்குல வைக்கிறதா, தண்ணியில போடறதான்னே தெரியல. லேபிள்ல எலி படம் வேற போட்டிருக்கா... கை வரல."

குப்பியை எடுத்துக் கொடுத்தான். அவன் உடம்புச் சூட்டில் அது வெதுவெதுவென்றிருந்தது. அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாப்பா உடம்புலயும் இதே மாதிரி ஒண்ணு சுரக்குதுடா. மனுஷ பாஷையில. இந்தக் காய்ச்சல்ல, உடம்பு வலியில அதுக்கும் பங்கு உண்டு. உள்ள சண்டை நடக்குது."

"ஜெயிச்சிடுமா?"

"தெரியலடா. நான் இங்கயே இருக்கேன்" என்றாள்.

அடுத்த சில நாட்கள் வேலை விட்டால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி விட்டால் வேலை என்று ஓடின. காய்ச்சல் இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. "நீங்க கேக்கற கேள்வியில எனக்கே காய்ச்சல் வந்துடும் போலிருக்கே" என்றாள் நர்ஸ். கம்பெனியில் அந்தக் குப்பியை அழித்துவிட்டார்கள். வெளியாள் யாரும் பாக்கிங் அறைக்கு வரக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். ஐஸக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள்.

ஒருநாள் காலையில் குழந்தைக்கு வேர்த்துக் கொட்டியது. அதன்பிறகு காய்ச்சல் திரும்பவில்லை.

"உன் மேல இன்னும் கோவம்தான்க்கா. எதுக்குன்னுதான் தெரியல" என்றான் தம்பி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

குழந்தை தலையணையில் சாய்ந்து பிஸ்கட்டைக் கொறித்துக்கொண்டிருந்தது. பாதி தின்றபின் அலுத்துப்போய் மிச்சத்தை நீட்டியது. எச்சிலில் ஊறி, ஓரமெல்லாம் பல் தடத்தோடு இருந்தது.

"அத்தை, உனக்கு."

"ஐயோ, வேணாம்க்கா, ஒட்டிக்கப் போகுது" என்று தம்பி கையை நீட்டுவதற்குள், அவள் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.